பகர அடைப்புக்குள் ஒரு கை

"அந்தப் பெண் சிற்பத்தின் வலது கையில் இருப்பது தாமரையா, குவளையா?" சிற்பங்களின் கைப்பொருள்களைத் தொகுத்துக்கொண்டிருக்கும் ஒரு முதுகலை மாணவி மின்னஞ்சலில் கேட்டிருந்தார். கூடவே ஒரு படம். வாட்ஸ்அப்பில் எத்தனையோ பேரிடம் போய்த் திரும்பி, ஓரங்கள் வெட்டுப்பட்டு, கொஞ்சம் மங்கிப்போன படம். ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அந்தச் சிற்பத்தை முப்பரிமாண மாதிரியாக்குவதற்காகப் படம் எடுத்தவர்களில் நானும் ஒருவன். அதற்கு வலது கையே கிடையாது. முழங்கைக்குக் கீழே உடைந்து எத்தனை காலம் ஆயிற்றோ. பூ எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அது வந்த அன்று பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஒரே வரியில் பதில் எழுதி முடித்திருக்கலாம். ஆனால் அந்த மாணவி கவனக்குறைவானவர் இல்லை என்பது என்னை உறுத்தியது. இதழின் நுனி மடங்கியிருக்கும் விதத்தை வைத்து, குவளையாக இருக்கலாம் என்று ஒரு தருக்கமும் எழுதியிருந்தார். தருக்கத்தில் பழுதே இல்லை. அவர் கண்முன் இருந்த படம் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை, அவ்வளவுதான். உடம்பும் கையும் ஒரே நிறம், கல்லின் மேல் அதே சொரசொரப்பான பொரிவு, நிழலும் ஒரே பக்கம். சிதைந்துபோன எதையாவது கணினியில் முழுமையாக்கிக் காட்டும் படங்கள் கண்ணில் படும்போதெல்லாம் அதற்குப் பிறகு எனக்கு ஒரு நமைச்சல் வந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன். எந்தக் காட்சிக்கூடம், எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள். எல்லா இடத்திலும் நடப்பதுதான்.

பூ வந்த வழி

படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரி செய்யும் போட்டோகிராமெட்ரிக்குப் பொறுமைதான் முதல். பொருளைச் சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கில் படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு படமும் அடுத்த படத்தோடு பாதிக்கு மேல் ஒத்துப்போக வேண்டும். ஒரே புள்ளி எந்தெந்தப் படத்தில் எங்கெங்கே விழுகிறது என்று மென்பொருள் தேடிப் பிடித்து, கேமரா நின்ற இடங்களைக் கணக்குப் போட்டு, லட்சக்கணக்கான புள்ளிகளை அந்தரத்தில் நிறுத்தும். அவற்றை முக்கோணங்களாகக் கோத்தால் மெஷ். அதன் மேல் படங்களிலிருந்து எடுத்த நிறத்தைப் போர்த்தினால் டெக்ஸ்சர். இதுவரை நடப்பது அளவெடுக்கும் வேலை. கூடக் குறைய இருக்கலாம், ஆனால் பொய் இல்லை.

வேலையை எடுத்திருந்த நிறுவனத்துக்காரருக்கு முழங்கையோடு முடிகிற மாதிரி பிடிக்கவில்லை. "உடைஞ்சது உடைஞ்ச மாதிரியே இருக்கணும்னா நேர்லயே வந்து பார்த்துட்டுப் போயிருவாங்களே சார். முழுசா இருந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு காட்டத்தானே இவ்வளவு செலவு?" அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஊகித்த பகுதி ஊகம் என்று தெரிகிற மாதிரி வைத்தால் போதும் என்று நான் சொன்னேன். "கீழே எழுதிரலாம் சார்" என்றார். எழுதவும் செய்தார்: 'வலது கை கலைஞரின் கற்பனை'. காட்சிக்கூடத்துத் திரையில், மாதிரிக்குக் கீழே, சின்ன எழுத்தில் அந்த வரி இன்றும் இருக்கிறது. படம் மட்டும் அதை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போய்விட்டது.

கையைச் செய்தவர் நல்ல தேர்ச்சியுள்ள ஓர் இளைஞர். பழைய வேலைகளின் ஃபோல்டரைத் திறந்தார். வேறொரு சிற்பத்தில், பூவைப் பிடித்தபடி இருந்த இடது கை ஒன்று அழகாக ஸ்கேன் ஆகியிருந்தது. அதை வெட்டி எடுத்து, கண்ணாடியில் திருப்புவது போலத் திருப்பி, வலது முழங்கையில் ஒட்டினார். ஒட்டியதும் ஏதோ சரியில்லை என்று இரண்டு பேருக்குமே பட்டது. கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. மூலப் படங்கள் எடுத்த நேரத்து வெளிச்சம் டெக்ஸ்சரிலேயே பதிந்திருந்தது. கையைத் திருப்பியபோது வெளிச்சமும் திரும்பிவிட்டது. உடம்புக்கு ஒளி இடப்பக்கத்திலிருந்து, கைக்கு வலப்பக்கத்திலிருந்து. உளித்தடங்களின் சாய்வும் எதிர்ப்பக்கம். "ஒரு நிமிஷம்ணா" என்றார் அவர். பதிந்திருந்த நிழலை நீக்கினார், நிறத்தைச் சமன்படுத்தினார், ஒட்டின இடத்தில் பிரஷ்ஷை ஓட்டினார். வந்த கையை வந்த கை என்று காட்டிக்கொடுத்த கடைசித் தடயமும் போயிற்று. வேலை என்ற அளவில் அது சுத்தமான வேலை. பாராட்டத்தான் செய்தேன்.

நானூறு ஆண்டு நீட்டியிருந்த கை

கணினி வந்துதான் இதெல்லாம் தொடங்கியது என்று புலம்ப எனக்கு விருப்பமில்லை. 1506இல் ரோமில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் லாவோகோன் சிற்பத் தொகுதி கிடைத்தது. பாம்புகளிடம் சிக்கித் தவிக்கும் தந்தையும் இரண்டு மகன்களும். தந்தையின் வலது கை இல்லை. அது மடங்கித் தோளுக்குப் பின்னால் போயிருக்க வேண்டும் என்று மைக்கேலாஞ்சலோ கருதியதாகச் சொல்வார்கள். ஆனால் 1530களில் மொன்டோர்சோலி என்ற சிற்பி செய்து வைத்தது மேலே நீட்டி ஓங்கிய கை. பார்க்க வீரமாக இருந்தது. இடையிடையே சில மாற்றங்கள் வந்தாலும், ஐரோப்பா முழுக்கப் போன வார்ப்புகளிலும் செதுக்கோவியங்களிலும் ஓங்கிய கைதான் போயிற்று. அந்தத் துயரத்தின் கம்பீரத்தைப் பற்றி எத்தனையோ பேர் பக்கம் பக்கமாக எழுதினார்கள். 1906இல் லுட்விக் போலாக் என்ற தொல்லியலாளர், ரோமில் கட்டடச் சாமான்கள் கிடந்த ஒரு முற்றத்தில் பளிங்குக் கைத்துண்டு ஒன்றைப் பார்த்தார். மடங்கிய கை. அது லாவோகோனுடையது என்று வத்திக்கான் முடிவுக்கு வந்து, பழைய கையைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்தியபோது 1950களின் இறுதி ஆகிவிட்டது. போலாக் அதைப் பார்க்க இல்லை. யூதரான அவரை 1943இல் ரோமிலிருந்து பிடித்துக்கொண்டுபோய் ஆஷ்விட்சில் கொன்றுவிட்டார்கள்.

இந்தக் கதையை நான் அடிக்கடி நினைப்பதற்குக் காரணம் மைக்கேலாஞ்சலோவின் கண் இல்லை. மொன்டோர்சோலியின் கை வேறு கல். அதற்கு ஒட்டு இருந்தது. கிட்டே போனவருக்கு ஒட்டு தெரியும். வேண்டாம் என்றபோது கழற்றவும் முடிந்தது. இவ்வளவு வசதிகள் இருந்தும் அந்த ஊகம் நானூறு ஆண்டு ஓடியது. ஒட்டே தெரியாத ஊகம் எவ்வளவு காலம் ஓடும்?

நிரப்பத் துடிக்கும் மென்பொருள்

ஓட்டை என்பது இந்த மென்பொருள்களுக்குப் பிடிக்காத சமாச்சாரம். புள்ளிகளை மெஷ்ஷாக மாற்றும் பிரபலமான முறைகளில் சில, முழுவதும் மூடிய பரப்பைத்தான் விடையாகக் கொடுக்கும். கேமரா எட்டாத அக்குளோ, காதுக்குப் பின்புறமோ, தரவு இல்லாத எந்த இடமானாலும் ஒரு வழவழப்பான தோலை இழுத்து மூடிவிடும். யாரும் கேட்கவில்லை, அதுவாகவே செய்வது. அது முதல் படி என்றால் இப்போதைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பத்தாம் படியில் நிற்கின்றன. 2020இல் ட்யூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மங்கலான முகப்படத்தைத் துல்லியமாக்கும் ஒரு கருவியை வெளியிட்டார்கள். பராக் ஒபாமாவின் படத்தைக் கட்டம் கட்டமாக மங்கலாக்கி யாரோ அதில் கொடுத்தார்கள். தெளிவான ஒரு வெள்ளைக்காரர் முகம் வந்தது. கருவி கெட்டுப்போகவில்லை. தான் பார்த்துப் பழகிய முகங்களிலிருந்து, அந்தக் கட்டங்களுக்குப் பொருந்துகிற ஒரு முகத்தைக் கொண்டுவந்து வைத்தது. மங்கிய படத்தில் இல்லாத தகவல் வேறு எங்கிருந்து வரும்? நம் வீட்டுப் பழைய படங்களை ஒரு தட்டில் பளபளப்பாக்கித் தரும் செயலிகள் செய்வதும் இதன் இன்னொரு வகைதான்.

மனிதர்கள் செய்தது இதைவிட மோசம். கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சியின் துவோல் ஸ்லெங் சிறையில், கொல்லப்படுவதற்கு முன் கைதிகளை எண்ணோடு நிறுத்தி எடுத்த படங்கள் இருக்கின்றன. 2021 ஏப்ரலில் ஓர் இணைய இதழ் அவற்றில் சிலவற்றை வண்ணமேற்றி வெளியிட்டது. பார்த்தவர்களில் சிலர் மூலப் படங்களை எடுத்து ஒப்பிட்டார்கள். மூலத்தில் இறுகிப்போயிருந்த உதடுகள் வண்ணப் படத்தில் சிரித்தன. கம்போடியப் பண்பாட்டு அமைச்சகம் கண்டித்தது. இதழ் கட்டுரையை எடுத்துவிட்டது. சிரிப்பு என்பதால் பிடிபட்டது என்று எனக்குத் தோன்றும். வெறும் சட்டையின் நிறத்தையோ, பின்னால் இருந்த சுவரின் பூச்சையோ மட்டும் மாற்றியிருந்தால் யார் ஒப்பிட்டிருப்பார்கள்?

ஊகமே வேண்டாம் என்கிற கட்சியில் நான் இல்லை

பழஞ்சின்னங்களைப் பாதுகாப்பது பற்றிய 1964இன் வெனிஸ் சாசனம், ஊகம் எங்கே தொடங்குகிறதோ அங்கே மறுசீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது. உண்மையான கல்லைத் தொடுகிறவருக்கு அது சரியான சட்டம். கணினியில் யாரும் கல்லைத் தொடுவதில்லையே. எவ்வளவு தவறாக ஊகித்தாலும் மூலம் அப்படியேதான் இருக்கிறது. அந்தச் சுதந்திரத்தை வீணாக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆப்கானிஸ்தானின் பாமியானில் 38 மீட்டர், 55 மீட்டர் உயரத்துக்கு நின்ற புத்தர்களை 2001 மார்ச்சில் தகர்த்த பிறகு, சூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 1970இல் வேறொருவர் அளவீட்டுக்காக எடுத்து வைத்திருந்த படங்களிலிருந்து பெரிய புத்தரைக் கணினியில் எழுப்பினார்கள். இணையத்தில் கிடைத்த சுற்றுலாப் படங்களிலிருந்தும் தனியாக ஒரு மாதிரி செய்து பார்த்தார்கள். அளவீட்டுப் படங்களிலிருந்து வந்ததன் துல்லியம் அதற்கு இல்லை. எதிலிருந்து எவ்வளவு வரும் என்று பக்கத்தில் பக்கம் வைத்துக் காட்டியது எனக்குப் பிடித்த விஷயம்.

ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட் வியன்னா பல்கலைக்கழகத்துக்காக வரைந்த பெரிய ஓவியங்கள் 1945 மே மாதம் ஒரு கோட்டையில் எரிந்துபோயின. மிஞ்சியவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். 2021இல் கூகுளும் பெல்வடேர் அருங்காட்சியகமும் சேர்ந்து அவற்றுக்கு வண்ணம் கொடுத்தபோது, அந்தக் காலத்துப் பத்திரிகை விமர்சகர்கள் என்ன நிறத்தைப் பார்த்ததாக எழுதினார்கள் என்பதையும் தேடிப் பயன்படுத்தினார்கள். விமர்சகர் திட்டி எழுதினாலும் ஒரு நாள் பயன்படும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதே ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்துக்கு ரைக்ஸ்மியூசியம் அருங்காட்சியகம் செய்தது இன்னும் மேல். 1715இல் நகர மன்றத்துச் சுவரில் இடம் போதவில்லை என்று நான்கு பக்கமும் வெட்டிவிட்ட ஓவியம் அது. வெட்டுவதற்கு முன்பே லுண்டன்ஸ் என்பவர் வரைந்த சிறிய நகல் ஒன்று பிழைத்திருந்தது. அதைப் பார்த்து ரெம்பிராண்டின் பாணியில் வரையக் கணினிக்குப் பயிற்சி கொடுத்து, காணாமல்போன ஓரங்களை அச்சிட்டு, மூலத்தைத் தொடாமல் அதைச் சுற்றி மாட்டிவைத்தார்கள். சில மாதங்களில் எடுத்தும்விட்டார்கள். நேரில் நின்றவருக்கு எது பழசு, எது புதுசு என்று தெரிந்திருக்கும். இணையத்தில் சுற்றும் படத்தில் தெரியுமா என்பதுதான் என் கவலை.

தோளருகே ஒரு புடைப்பு

மாணவிக்குப் பதில் எழுதும்போது, கை இல்லை என்று சொன்னால் மட்டும் போதாது, காட்டிவிடலாம் என்று என் மூலப் படங்களைத் திறந்தேன். முழங்கை உடைந்த பரப்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கை எந்தக் கோணத்தில் மேலே போயிருக்கும் என்று அந்த உடைவே கிட்டத்தட்டச் சொல்லிவிடுகிறது. அப்படியே மேலே நகர்த்திக்கொண்டு போனபோது, வலது தோளுக்குச் சற்று முன்னால், கழுத்தணியின் விளிம்பை ஒட்டி, கட்டைவிரல் நகமளவு ஒரு சொரசொரப்பான புடைப்பு. சுற்றிலும் கல் இழைத்து வழவழவென்று இருக்க, அந்த இடம் மட்டும் முறிந்த முகம். அங்கே ஏதோ ஒன்று உடம்பைத் தொட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. பூவின் இதழாக இருக்கலாம். கிளியின் வாலாக இருக்கலாம். சாமரத்தின் நுனியாகவும் இருக்கலாம். தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் கல் ஒடிந்துவிடும் என்று சிற்பிகள் இப்படி உடம்போடு ஒட்டிவைப்பது வழக்கம்.

முடிந்த மாதிரியில் அந்தப் புடைப்பு இல்லை. தேடிப் பார்த்தேன். மெஷ்ஷைச் சுத்தம் செய்யும்போது ஸ்கேனில் வந்த பிசிறு என்று நினைத்து இழைத்துவிட்டிருக்கிறார்கள். கொண்டுவந்து ஒட்டிய பூ அந்த இடத்தை நெருங்கக்கூட இல்லை. இரண்டு விரற்கடை தள்ளி நிற்கிறது. கையில் என்ன இருந்தது என்பதற்குக் கல்லில் மிச்சமிருந்த ஒரே சாட்சியை அழித்துவிட்டு, பக்கத்திலேயே ஒரு பூவை வைத்திருக்கிறோம். அதுவரை என் மனக்குறை, ஊகத்தை உண்மையோடு சேர்த்துக் காட்டுகிறார்களே என்பதாக இருந்தது. ஊகம் வந்து உட்கார்ந்ததும், பக்கத்தில் இருந்த உண்மையை உற்றுப் பார்க்க ஆளில்லாமல் போய்விடுகிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. முழங்கையோடு முடிகிற மாதிரியாக இருந்திருந்தால் அந்தப் புடைப்பை யாராவது கேட்டிருப்பார்கள். முதலில் அந்த மாணவியே கேட்டிருப்பார்.

எழுத்துக்காரர்கள் எப்போதோ செய்துவிட்டது

சுவடி, கல்வெட்டு படிக்கிறவர்கள் இந்தச் சிக்கலைத் தீர்த்து ரொம்ப நாளாயிற்று. 1931இல் நெதர்லாந்தின் லெய்டனில் கூடிய அறிஞர்கள் ஓர் ஒழுங்கு வகுத்தார்கள். அழிந்துபோய்ப் பதிப்பாசிரியர் ஊகித்து இட்ட எழுத்து [ ] என்ற பகர அடைப்புக்குள் வரும். பாதி தெரிந்து, இதுவாகத்தான் இருக்கும் என்று படித்த எழுத்தின் கீழே ஒரு புள்ளி. நம் கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டியவர்களுக்கும் அடைப்பும் புள்ளி வரிசையும் பழக்கம்தான். இதில் நான் மயங்குவது ஒரு விஷயத்துக்கு: அந்தக் குறி வரிக்குள்ளேயே இருக்கிறது. அந்த வரியை எங்கே எடுத்துக்கொண்டு போய் ஒட்டினாலும் அடைப்பும் கூடவே போகும்.

ஓவியத்திலும் இருக்கிறது. 1940களில் ரோமின் மத்திய மறுசீரமைப்பு நிறுவனத்தில் சேசரே பிராந்தியும் அவரோடு இருந்தவர்களும், சுவரோவியத்தில் உதிர்ந்த இடங்களை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்பும் முறையைக் கொண்டுவந்தார்கள். நாலடி தள்ளி நின்றால் ஓவியம் முழுசாகத் தெரியும். கிட்டே போனால் கோடு கோடாகப் பிரிந்து, இது நாங்கள் இட்டது என்று ஒத்துக்கொள்ளும். வெசூவியஸ் எரிமலை கி.பி. 79இல் கரியாக்கிய ஹெர்குலேனியம் நகரத்துச் சுவடிச் சுருள்களை விரிக்காமலே படிக்க 2023இல் ஒரு பொதுப் போட்டி தொடங்கியது. அதில் மை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்த நிரல்கள், ஒரு முழு எழுத்தைக்கூடப் பார்க்க முடியாத அளவு சிறிய சன்னல் வழியாகத்தான் ஸ்கேனைப் பார்த்தன. எழுத்தின் வடிவம் தெரிந்தால் இல்லாத எழுத்தை வரைந்துவிடுமே என்ற பயம். எழுத்தாகப் படித்தது மனித அறிஞர்கள். அன்றைக்கு வந்த முதல் சொல்லுக்குப் பொருள் 'ஊதா'. அதை நம்ப முடிந்ததற்கு இந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணம்.

முப்பரிமாண மீட்டுருவாக்கத்துக்கு விதி இல்லாமல் இல்லை. 2000களிலேயே லண்டன் சாசனம் வந்துவிட்டது. எதை எந்த ஆதாரத்தில் செய்தோம் என்று பதிந்து வைக்கச் சொல்கிறது. நல்ல சாசனம். பதிகிறார்கள், அறிக்கை ஒரு பிடிஎஃப் ஆகி எங்கோ இருக்கிறது, படம் வேறெங்கோ இருக்கிறது. ஊகத்தை மறைத்துக் காட்டும் பொத்தான் வைத்த மாதிரிகளும் உண்டு. ஸ்கிரீன்ஷாட்டில் பொத்தான் வேலை செய்யாது.

அதனால் அந்த இளைஞரையே கூப்பிட்டு, பிராந்தியின் கோடுகளை டெக்ஸ்சரிலேயே போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஆர்வமாகவே உட்கார்ந்தார். மானிட்டரில் அருமையாக வந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்த்தோம். சுருக்கியதில் கோடெல்லாம் கரைந்து, ஏதோ அழுக்குப் படிந்த கை போல வந்து சேர்ந்தது. கோட்டைத் தடிமனாக்கினால் பச்சை குத்தியது போல் இருந்தது. கடைசியில் அவர்தான் வழி சொன்னார். "கோடே வேண்டாம்ணா. கல்லோட பொரி இல்லாம, மண்பொம்மை மாதிரி வெறும் நிறத்துல விட்டுருவோம். உறுதியா தெரிஞ்ச வரைக்கும் பொரி இருக்கட்டும், கோணம் மட்டும் தெரிஞ்ச இடத்துல பாதி, பூவுக்குச் சுத்தமா வேண்டாம்." லெய்டன் அடைப்பையும் புள்ளியையும் அவர் கேள்விப்பட்டதில்லை. படம் எத்தனை தடவை சுருங்கினாலும் கல் கல்லாகவும் மண் மண்ணாகவும் நின்றது. "ஆனா அழகா இல்லைண்ணா" என்றார். இல்லைதான்.

இப்போது வேலை ஒப்புக்கொள்ளும்போது இரண்டு வரி சேர்த்து எழுதுகிறேன். மூலப் படங்களை மாதிரியோடு சேர்த்துப் பொதுவில் வைக்க வேண்டும். ஊகித்த பகுதிக்கு மூலக் கல்லின் டெக்ஸ்சரைப் போடக் கூடாது. முதல் வரிக்கு எல்லாரும் தலையாட்டுவார்கள், யாரும் செய்ய மாட்டார்கள். இடம் பிடிக்கிறது என்பார்கள். பேரமெல்லாம் இரண்டாவது வரியில்தான். "லேசா ஷேட் மாத்தினா போதுமா சார்?" என்பார்கள். எவ்வளவு லேசாக என்று கேட்பேன். போன் திரையில் தெரிகிற அளவுக்கு என்று எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடுகிறேன்.